ஐந்தாவது ஃபவுல்

பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடிக்கும்போதெல்லாம் என் வலது கை தானாக மேலே போகிறது. விரல்களை மடக்கிய முஷ்டி, காதோரமாக, நேரே கூரையைப் பார்த்து. ஃபவுல் ஊதியதும் கூடைப்பந்து நடுவர்கள் காட்டுகிற சைகை அது. காலை ஏழரை மணிக்கு அங்கே பருப்பு வேகிறது. இங்கே நான் வாயில் பிரஷ்ஷும் நுரையுமாக, யார் யாரை இடித்தார்கள் என்று சன்னல் வழியே தேடிக்கொண்டிருக்கிறேன். மூன்றாவது விசிலுக்கு அந்த வீட்டம்மா அடுப்பை அணைத்துவிடுகிறார். எதற்காக விசில் வந்தது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. இருபது வருடம் கழுத்தில் விசிலைத் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்த எனக்கு அந்த நிச்சயம் ஒரு பையனால் போயிற்று. போனது நல்லதற்கா என்று கேட்டால், கைதான் மேலே போகிறது.

வார நாட்களில் பம்புசெட் கம்பெனி ஒன்றில் சரக்கு அனுப்பும் பிரிவில் வேலை. சனி, ஞாயிறுகளில் சாம்பல் சட்டை, கறுப்பு பேன்ட், கறுப்பு ஷூ. பள்ளி, கல்லூரி, மில் மைதானம், கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய் ஊதிவிட்டு வருவேன்.

எங்கள் கோயமுத்தூர்ப் பக்கத்து ஆட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. விதிப் புத்தகத்தில் அது கிடையாது. எதிராளியின் விலாவில் முழங்கையை இறக்கிய பையன், அந்த முழங்கை வீடு திரும்புவதற்குள், "தெரியாம பட்டுபோச்சுங்ண்ணா" என்று சொல்லிவிடுவான். அடிபட்டவனிடம் ஒரு தடவை, என்னிடம் ஒரு தடவை. விசில் உதட்டில்தான் இருக்கும், மூச்சும் தயாராக இருக்கும். ஆனால் இத்தனை பணிவாக ஒருவன் வந்து நின்ற பிறகு அவன் முகத்துக்கு நேரே எப்படி ஊதுவது? வாசலில் நின்று "சாப்டாச்சுங்களா" என்று கேட்டவனைப் பார்த்துக் கதவைச் சாத்துகிற மாதிரி இருக்கும். மூச்சை விழுங்கிவிடுவேன். அப்படி நான் விழுங்கிய மூச்சையெல்லாம் சேர்த்தால் ஒரு லாரி டயருக்குக் காற்று அடிக்கலாம்.

நான் முதலில் சொன்ன பையனுக்கு அந்த வாக்கியம் தெரியாது. தான்சானியாவிலிருந்து வந்து, நகரத்துக்கு வெளியே ஒரு கல்லூரியில் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தான். சிங்காநல்லூர்ப் பக்கம், ஓடாமல் நின்றுபோன ஒரு மில்லின் சிமெண்டுத் தளத்தில் நான்கு வார இறுதிகளாக நடந்த போட்டியில், தன் கல்லூரி அணிக்காகத் தடுப்பாட்டம் ஆட வந்தான். தட்டினால் தட்டுவான், இடித்தால் இடிப்பான், எதுவும் பேசமாட்டான். நான் ஊதினால் ஒரு நொடி என்னைப் பார்ப்பான். அப்புறம் போய்த் தன் இடத்தில் நின்றுகொள்வான்.

அவனைப் பற்றி எல்லோருக்கும் எல்லாமே தெரிந்திருந்தது. ஆள் ஏழடி என்று எதிர் அணிகள் புகார் எழுதிக் கொடுத்தன. சுவரில் நிறுத்தி அளந்தோம். அன்னூரிலிருந்து வந்து எதிர் அணியில் ஆடிய ஒரு பையனைவிட இரண்டு விரற்கடை குட்டை. யாரும் நம்பவில்லை. வேறு டேப் கொண்டுவந்தார்கள். அதுவும் அதையே சொன்னது. "அளக்கறப்பக் குனிஞ்சிருப்பானுங்க" என்று யாரோ சொன்ன பிறகுதான் கூட்டத்துக்கு நிம்மதி வந்தது. குனியாத நேரத்தில் ஏழடி என்று முடிவாயிற்று. மைக் பிடித்தவர் முதல் ஆட்டத்தில் அவனை நைஜீரியா என்றார், அடுத்த ஆட்டத்தில் கென்யா, மூன்றாவதில் எதற்கும் இருக்கட்டும் என்று மேற்கிந்தியத் தீவுகள். வேலியோரம் நின்று "அந்தக் கருப்பனப் பாருங் ரெஃப்ரி" என்று விடாமல் கத்திக்கொண்டிருந்த பெரியவர், வெயிலில் நின்று நின்று அவனைவிட ஒரு படி கூடுதலாகவே இருந்தார். விசில் பிடித்த என் கை என்ன நிறம் என்று நானும் பார்க்கவில்லை. "மாப்பிள்ளைக்கு நெறம் கொஞ்சம் மட்டமுங்க" என்று இரண்டு வீடுகளில் திருப்பி அனுப்பப்பட்டவன் நான். அதுவும் அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

ஐந்து ஃபவுல் வாங்கிய ஆட்டக்காரன் வெளியேற வேண்டும், அந்த ஆட்டத்தில் திரும்ப வரக்கூடாது என்பது விதி. மூன்று ஆட்டங்களிலும் அவன் பாதி தாண்டுவதற்குள் ஐந்து வாங்கினான். மூன்றிலும் ஊதியது நான்.

ஸ்கோர் மேசையில் இருந்தவர் அன்னூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றின் விளையாட்டு டீச்சர். யார் எத்தனை ஃபவுல் என்று எழுதுவது அவர்தான். மூன்றாவது ஆட்டம் முடிந்து, பேனாவை மூடாமலே கூப்பிட்டார்.

"ஏனுங் சார், ஒன்னு கேக்கலாங்களா?"

"கேளுங்க டீச்சர்."

"அந்தப் பையன் தும்முனாக்கூட ஊதறீங்க. நம்ம பசங்க மென்னியப் புடிச்சாலும் பராக்குப் பாத்துட்டு நிக்கறீங்க. ஏனுங்க அப்படி?"

"அப்படியெல்லாம் ஒன்னுமில்லீங்க. கை பட்டா ஃபவுலு. பட்டதப் பாத்தேன், ஊதுனேன்."

"ஓ, பாத்துத்தான் ஊதுனீங்களா. அப்பச் செரி. எனக்கென்னுங்க தெரியும், நான் நீங்க சொல்றத எழுதறவ."

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. "மூணு வருசமா ஆடறானாமா. ஒரு ஆட்டத்துலயாவது கடைசி விசிலடிக்கறப்ப உள்ளார நின்னதில்லையாமா. காலேசு ஆட்டத்துல ஆரு ஊதுனாலும் இதே கதைதானாமா. இந்தப் போட்டி முடிஞ்சா ஊருக்குப் போறான், திரும்ப வரமாட்டான். கடைசி விசிலு உள்ளார நின்னு கேக்கோணும், ஒருக்காப் போதும்கறான். என்ன பெருசாக் கேட்டுப்போட்டான் சொல்லுங்க."

அன்று வண்டியில் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் டீச்சரோடு வாதாடிக்கொண்டே போனேன். சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர், "என்கிட்டயா பேசறீங்க?" என்று கேட்டார்.

டீச்சர் கமிட்டியிலும் இதைச் சொல்லிவிட்டார். கமிட்டித் தலைவர் பம்பு தயாரிப்பவர். அவருடைய தொழிற்சாலையில் தேநீரின் சூடும் குறித்து வைக்கப்படுகிறது. நல்ல மனிதர். போண்டா தட்டை நகர்த்திவிட்டு, "சண்டை எதுக்குங்க, செக் பண்ணிப் பாத்துரலாம்" என்றார். பம்பின் இரண்டு பாகங்கள் ஒன்றோடு ஒன்று பொருந்துகின்றனவா என்று பார்க்க, பட்டறையில் ஒன்றின் மேல் நீலப் பசையைத் தடவி மற்றதோடு உரசுவார்கள். எங்கெல்லாம் தொட்டதோ அங்கெல்லாம் நீலம் ஒட்டியிருக்கும். "இரும்புக்குச் சொல்றது மனுசனுக்குச் சொல்லாதுங்களா? ஃபைனலுக்கு முன்னாடி ஞாயித்துக்கிழமை ஒரு பயிற்சி ஆட்டம் வெச்சுக்கலாம். கையில நீலத்தத் தடவிட்டு ஆடட்டும். ரெஃப்ரி வழக்கம்போல ஊதட்டும். அப்புறம் பாத்துக்கலாம்."

கமிட்டியில் ஏழு பேர். ஏழு பேரும் இது நியாயம் என்றார்கள். நானும் தலையாட்டினேன் என்பதை இங்கே எழுதித்தான் ஆகவேண்டும்.

ஞாயிறு காலை ஃபோர்மேன் ஒருவர் டப்பாவோடு வந்தார். பத்துப் பையன்களும் வரிசையில் நின்று உள்ளங்கையை நீட்டினார்கள், சத்துணவுக்கு நிற்பதுபோல. அவர் கவனமாக, விரல் இடுக்குகளில்கூட விடாமல் தடவினார். ஆட்டம் தொடங்கிய ஐந்து நிமிடத்தில் பந்து நீலம். பந்து பட்ட நெஞ்செல்லாம் நீலம். ரிங்கின் வலை நீலம். தலைவர் குனிந்து, கண்ணாடியை ஏற்றி, ஒவ்வொரு பையனாகப் பரிசோதித்தார். பனியன்களில் எல்லாமே தெரிந்தது. கைகளில், தோள்களில், கழுத்தில் ஒன்றுமே தெரியவில்லை.

"அவன் மேல தெரியாதுங்க, அந்தக் கலருக்கு" என்றார் தலைவர்.

ஃபோர்மேன் தயங்கித் தயங்கி, "மத்தவிங்க மேலயும் தெரியலீங்களே" என்றார்.

தலைவர் நிமிர்ந்தார். பத்துப் பையன்களையும் பார்த்தார். தன் முன்கையைத் திருப்பி ஒரு தடவை பார்த்துக்கொண்டார். அவன் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டினான்.

"கோலமாவு எடுத்துட்டு வாங்க" என்றார் டீச்சர். வாட்ச்மேனின் மனைவி மார்கழியில் மீந்த மாவும், கரை போடுகிற காவிப் பொடியும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, எதற்கு என்று தெரிந்துகொள்ள அங்கேயே உட்கார்ந்துகொண்டார். எல்லோரும் கை கழுவினார்கள். நீலம் போகவில்லை, அதன் மேலேயே பொடி தடவப்பட்டது. எதிரணி ஐந்து பேர் கையில் வெள்ளை மாவு. அவன் கையில் காவி. அவனுடைய கூட்டாளிகள் நான்கு பேரும் வெறுங்கை. குழப்பமே வரக்கூடாது என்று தலைவர் இதைச் சிலேட்டில் எழுதியும் வைத்தார்.

கால் மணி நேரம் ஆடினார்கள். ஒவ்வொரு தாவலுக்கும் ஒரு மேகம் எழுந்தது. எனக்கு இருமல். இருமலுக்கு நடுவில் ஊதினேன், எப்போதும் ஊதுவதுபோல, கண் சொன்ன இடத்தில். அவன் மேல் ஐந்து. எதிரணி மேல் ஒன்று.

நிறுத்தியபோது அவன் நடுத்தளத்தில் போய் நின்றான். யாரும் சொல்லாமலே, தையற்கடையில் அளவு கொடுக்கிறவன்போல, கைகளை அகட்டிக்கொண்டு மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினான். தோளில் வெள்ளைக் கைகள். முதுகில், இடுப்பில், இரண்டு மணிக்கட்டிலும். கன்னத்தில் நான்கு விரல்கள், சுட்டுவிரலின் ரேகைகூடத் தெரிகிற மாதிரி. கோலமாவு எங்கள் எல்லோர் மேலும் அழகாகத்தான் தெரியும். அவன் மேல் அன்று ஒரு தெருவே கோலம் போட்டிருந்தது. டீச்சர் எண்ணத் தொடங்கிப் பதினான்கில் நிறுத்திக்கொண்டார். எதிரணி ஐந்து பேரையும் திருப்பித் திருப்பிப் பார்த்ததில் காவிக் கை மூன்றுதான். அதிலும் ஒன்று, விழுந்தவனைத் தூக்கிவிட்டபோது ஒட்டியது.

"மாவு பழசுங்க. ஈரம் கோத்திருக்கும்" என்றார் தலைவர்.

"ஆமாங்க" என்றார் டீச்சர். "குத்தமெல்லாம் மாவு மேலதானுங்."

அவன் குழாயடியில் போய் முகம் கழுவினான். கழுவிவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். வகுப்பில் விடை சொன்ன பிறகு வாத்தியாரைப் பார்ப்பார்களே, அப்படி இருந்தது.

மறுநாள் கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கடைசி வரி எழுத்து வரைக்கும் வாசித்தேன். நிறங்கள் கலந்த புத்தகத்தைக் காட்டினார்கள், எல்லா எண்ணையும் சொன்னேன். கண்ணில் ஒரு குறையும் இல்லை, சந்தோசமாகப் போங்கள் என்றார் டாக்டர். எனக்கு அது நல்ல செய்தியாகப் படவில்லை.

ஃபைனலுக்கு வேறு ஆளைப் போடுங்கள் என்று கமிட்டிக்குப் போன் செய்தேன். வேறு ஆள் ஒருவர்தான். அவருடைய அக்கா மகளுக்கு அன்று காதுகுத்து. தாய்மாமன் வகையில் அவர் இல்லாமல் முடியாதாம். "நீங்களே ஊதுங்க, பாத்து ஊதுங்க" என்றார் தலைவர். அந்த 'பாத்து' என்ற சொல்லைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியில்லாமல் கொடுத்ததுபோல் இருந்தது.

அதற்குள் டீச்சரும் தன் பங்குக்கு ஒன்று செய்திருந்தார். நான் மாறப்போவதில்லை என்று தீர்மானித்து, அவனை மாற்றக் கிளம்பிவிட்டார். மூன்று வருடத்தில் அவனிடம் ஒட்டியிருந்த கொஞ்சத் தமிழைத் தன் பேச்சுக்குத் திருத்தி, அந்த வாக்கியத்தையும் ஒரு வாரம் தினமும் போனில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

ஃபைனல் அன்று கூட்டம் சுவர் மேலெல்லாம் உட்கார்ந்திருந்தது. முதல் கால் பகுதியில் அவன் மேல் இரண்டு ஊதினேன். இரண்டும் சரிதானா என்று இன்றைக்கும் தெரியாது. இரண்டாம் பகுதியில், ரிங்குக்கு அடியில், ஏழாம் எண் பையனின் விலாவில் முழங்கையால் ஒன்று கொடுத்தான். சத்தம் எனக்குக் கேட்டது. விசில் உதட்டுக்கு வந்துவிட்டது. அவன் என் பக்கம் திரும்பி, தலையை இரண்டு அங்குலம் தாழ்த்தி, "தெரியாம பட்டுபோச்சுங் சார்" என்றான்.

மைதானமே சிரித்தது, கை தட்டியது. வேலியோரப் பெரியவர், "நம்ம பையனுங்க, நம்ம பையன்" என்று பக்கத்தில் இருந்தவர் முதுகில் அறைந்தார். மைக் பிடித்தவர் இனிமேல் அவன் கோயமுத்தூர் வீரர் என்று அறிவித்தார். விலாவைப் பிடித்துக்கொண்டிருந்த ஏழாம் எண்ணும் சிரித்தான். நான் மூச்சை விழுங்கினேன். அடுத்த ஐந்து நிமிடத்தில் இன்னும் இரண்டு தடவை சொன்னான். இரண்டு தடவையும் விழுங்கினேன். பாதி ஆட்டம் முடிந்தபோது எனக்கு லேசாக இருந்தது. பிரச்சினை தீர்ந்துவிட்டதாகவே நினைத்தேன்.

அவன் தண்ணீர் டிரம் பக்கத்தில் வந்து நின்றான்.

"சார், அது தெரியாமப் பட்டதில்லீங்க. தெரிஞ்சுதான் இடிச்சனுங்."

"தெரியும் தம்பி."

"அப்புறம் ஏன் ஊதலீங்க?"

"நீ அவ்வளவு மரியாதையாச் சொன்னியே."

அவன் டம்ளரை டிரம்மின் மேல் வைத்தான். பிறகு ஆங்கிலத்தில், அவசரமில்லாமல் சொன்னான். மூன்று வருடம் இங்கே எல்லோரும் என் தோலைப் பார்த்தீர்கள். இன்றைக்கு என் வாயைப் பார்க்கிறீர்கள். ஆடுவது கையல்லவா? அதை எப்போது பார்ப்பீர்கள்? சொல்லிவிட்டு, டீச்சரின் தமிழுக்குத் திரும்பி, "கையப் பாருங் சார், போதுங்" என்று போய்விட்டான்.

இரண்டாம் பாதி முழுக்கக் கைகளைத்தான் பார்த்தேன். அது எத்தனை கடினம் என்று யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியாது. முகம் கூப்பிடும், உயரம் கூப்பிடும், வேலியோரக் குரல் கூப்பிடும். எல்லாவற்றையும் உதறிவிட்டு, இருபது கைகள் மட்டும் காற்றில் மிதக்கிற ஒரு தளத்தில் ஓடினேன். நீலம் இன்னும் போகாத நகங்கள். பனியனின் ஓரத்தைக் கிள்ளிப் பிடித்திருக்கும் இரண்டு விரல்கள். இப்படி ஒரு ஆட்டம் இத்தனை வருடமாக என் கண் முன்னால் நடந்திருக்கிறது, நான் இல்லாத வேறு ஊரில் நடந்ததுபோல. எங்கள் பையன்கள் மேல் ஊதினேன். "என்னுங் ரெஃப்ரி, அதான் தெரியாம பட்டுபோச்சுன்னு சொல்லிப்போட்டனுங்களே" என்று ஒருவன் கண் கலங்கினான். கூட்டத்துக்கு என்ன நடக்கிறதென்றே புரியவில்லை. தலைவர் எழுந்து நின்று, திரும்ப உட்கார்ந்தார். அவன் மேலும் இரண்டு ஊதினேன். அந்த இரண்டையும் நெஞ்சில் கை வைத்துச் சொல்வேன்.

ஆக, நான்கு. ஆட்டத்தில் ஒரு நிமிடத்துக்கும் குறைவாக மிச்சம். அவன் அணி ஒரு புள்ளி முன்னால். அவன் உள்ளே நின்றுகொண்டிருந்தான், வேர்வையில் பளபளத்துக்கொண்டு, அத்தனை பற்களும் தெரியச் சிரித்துக்கொண்டு. அவனுடைய கடைசி விசில் ஆசை எல்லோருக்கும் தெரிந்துவிட்டிருந்தது. டீச்சர் ஒருவரிடம் சொன்னால் போதும். சுவரில் இருந்தவர்கள் ஆட்டத்தை விட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

அன்னூர்ப் பையன் பந்தோடு எழும்பினான். அவனும் எழும்பினான். நான் பார்த்தேன்.

ஊதவில்லை, அரை நொடி. அந்த அரை நொடிக்குள் அவன் என்னைப் பார்த்தான். வாய் திறக்கவில்லை. வாக்கியத்தைச் சொல்லவில்லை.

ஊதினேன்.

மைதானம் ஒரே குரலில் வேண்டாம் என்றது. மூன்று வாரம் அவனை வெளியே அனுப்பச் சொன்ன அதே தொண்டைகள். பெரியவர் வேலிக்குள் தலையை விட்டு, "மனுசனா நீங்க" என்று கேட்டார். அடிவாங்கிய அன்னூர்ப் பையன் ஓடிவந்து, கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "படவே இல்லீங் சார், நெசமாலும் படலீங், விட்டுருங்" என்று கெஞ்சினான். மறைத்த கையின் மணிக்கட்டு சிவந்திருந்தது. ஸ்கோர் மேசைக்குப் போய்த் தட்டியவனின் எண்ணைக் காட்டினேன். ஐந்து விரலையும் விரித்தேன். டீச்சர் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுதினார். அந்த எழுத்து மட்டும் கொஞ்சம் கோணலாக விழுந்தது.

அவன் நடந்து வெளியே போய், கோட்டுக்கு ஒரு சாண் தள்ளி, பெஞ்சில் உட்காராமல் நின்றான். அந்த ஃபவுலுக்காகத் தனக்குக் கிடைத்த இரண்டு தடையில்லா வீச்சையும் அன்னூர்ப் பையன் தவறவிடத்தான் பார்த்தான். பழக்கம் விடவில்லை, இரண்டும் விழுந்தன. கடைசி விசிலை நானேதான் ஊதினேன். அவன் அணி ஒரு புள்ளியில் தோற்றது.

பரிசளிப்பில் என் கையை யாரும் குலுக்கவில்லை. சிறந்த தடுப்பாட்டக்காரனுக்கு ஒரு டேபிள் டாப் கிரைண்டர் கொடுத்தார்கள், கல்லோடு. விமானத்தில் அதை ஏற்ற விடுவார்களா என்று யாரும் யோசிக்கவில்லை. அட்டைப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு மில் கேட்டைத் தாண்டியவனை, வண்டியைத் தள்ளிக்கொண்டே எட்டிப் பிடித்தேன். ஷேர் ஆட்டோ ஒன்று அவனுக்காக உறுமிக்கொண்டு நின்றது.

"இன்னொரு நிமிசம்தான் இருந்துச்சு. நான் ஊதாம இருந்திருக்கலாம்" என்றேன்.

அவன் பெட்டியை மற்றத் தோளுக்கு மாற்றினான். "எந்தக் கையிங் சார் பட்டுச்சு?"

"சோத்தாங்கை பந்துக்குத்தான் போச்சு. பட்டது ஒரட்டாங்கை. மணிக்கட்டுல."

அவன் தன் இடது கையைத் திருப்பி, ஏதோ ஒட்டியிருக்கிறதா என்பதுபோல ஒரு தடவை பார்த்தான். கிரைண்டரை ஆட்டோவில் ஏற்றி, அதன் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்தான்.

"ஆமாங்க, ஒரட்டாங்கைதானுங்" என்றான். "வாரேனுங் சார்."